பொடி மீனைத் திருப்பி விடுகிற வேலை

எங்கள் மெஸ்ஸில் புதன்கிழமைதோறும் மீன் குழம்பு. பீளமேட்டில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட ஆரம்பித்த நாளிலிருந்து மீன் கழுவுகிற வேலையை நான் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. செதிலைச் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, குடலை வழித்துப் போட்டு, கல்லுப்பைத் தூவி வழவழப்புப் போகும்வரை தேய்த்து அலசினால்தான் எனக்கு மனசு ஆறும். முழங்கை வரைக்கும் ரத்தத்தோடு நின்றுகொண்டே, பாலில் தண்ணீர் கூடிப்போச்சு என்று பால்காரரிடம் சண்டையும் போடுவேன். அப்படிப்பட்ட பொம்பளை ஒரு சாண் ரோகுக் குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு குளத்து நடுவில் உட்கார்ந்து அழுதாள் என்றால் எங்கள் மெஸ் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

எல்லாம் அந்தக் கயாக்கால் வந்தது. என் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருந்தவர். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். அவர் கை பட்ட வேலை மயிரிழை பிசகாது என்று பேர். அந்தப் பட்டறையை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் விற்றுவிட்டார். ஆர்டர் குறைஞ்சு போச்சு, எல்லாம் கம்ப்யூட்டர் மெஷினுக்குப் போயாச்சு என்று காரணம் சொன்னார். நானும் சரியென்றேன். கொஞ்ச நாளில், மூடப்போகிற ரிசார்ட் ஒன்றிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் படகை மெஸ் வேனின் தலையில் கட்டிக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். முன்னே ஒருவர் பின்னே ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற கயாக்.

"என்னுங்க இது?"

"மீன் புடிக்கப் போறேன் அம்மணி."

"ஏனுங்க, உக்கடம் மார்க்கெட்டுல மீனு தீந்துபோச்சுங்களா?"

அவர் குழாயைத் திறந்து அதைக் கழுவ ஆரம்பித்தார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும், ஊருக்கே தெரியும். அன்றைக்குச் சாயங்காலம் வரை திட்டிக்கொண்டே இருந்தேன். ஆனால் இந்த வயசில் தனியாகத் தண்ணீருக்குள் போகிற மனுசனை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மெஸ் லீவு. நானும் வாரேன் என்று பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் நாள் முழுக்கக் கருப்பராயன் சாமியைக் கூப்பிட்டபடியே இருந்தேன்.

கருமத்தம்பட்டி தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற குளம் அது. அங்கே மீன் வளர்க்கக் குத்தகை எடுத்தவர், மோட்டார் வேலைக்குப் பட்டறைக்கு வந்துபோய்ப் பழக்கமானவர். எங்களை இறங்கவிட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "ஜிலேபி மீனு எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்குங்க. ரோகு, கட்லா மட்டும் முழங்கை நீளத்துக்குக் கொறைவா இருந்தா உட்டுப்போடோணும். அதும் உசுரோட உடோணுமுங்க. செத்து ஒதுங்குனா நாலஞ்சு மாசம் வளத்த வளப்பு போச்சுங்களே." நியாயமான பேச்சு.

அன்று முதலில் மாட்டியதே ஒரு சின்ன ரோகு. அவர் தூண்டில் முள்ளை எடுத்துவிட்டு, "நீயே உடு" என்று பின்பக்கமாக நீட்டினார். நான் வாங்கினேன். கை வழுக்கியது. வழுக்கினால் எனக்கு ஒரு வழிதான் தெரியும். மடியில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து அந்த மீனை ரெண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தேன். தலையிலிருந்து வால்வரைக்கும் வழவழப்பு ஒட்டாமல் துடைத்து, சுத்தமாக ஆக்கி, தண்ணீரில் விட்டேன்.

திரும்பிப் பார்த்த மனுசன் சிரித்த சிரிப்பில் கயாக் ஆடியது. நான் ரெண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"உடற மீன எதுக்கு அம்மணி கொழம்புக்குத் தொடைக்கற மாதிரி தொடைக்கற?"

"வழுக்குச்சுங்க."

"அந்த வழவழப்புத்தான் அதுக்குக் காபந்து. அதைத் தொடைச்சுப்போட்டா மேலெல்லாம் பூசணம் புடிச்சுச் செத்துரும்."

இத்தனை வருஷமாக நான் கல்லுப்பைப் போட்டுத் தேய்த்துப் போக்கிய வழவழப்புத்தான் மீனுக்கு உயிர்க்காப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மீன் என்ன ஆயிற்றோ. வாரம் முழுக்க அது ஞாபகத்தில் வந்து உறுத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமை குழம்பு மீனுக்கு வழக்கம்போல உப்புப் போட்டுத் தேய்த்தேன். அதில் ஒன்றும் உறுத்தவில்லை. மனசுக்கு என்ன நியாயம் இருக்கிறதோ எனக்குத் தெரியாது.

அப்புறம் கற்றுக்கொண்டேன். அவர் போனில் வீடியோ பார்த்துப் பழகியதைப் பார்த்துப் பார்த்து நானும் பழகினேன். மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்கவே மாட்டார். கையை நனைத்து, கயாக் ஓரத்திலேயே வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்குவார், அமுக்க மாட்டார். நோஸ் பிளேயர் என்கிற நீள மூக்குக் குறட்டால் முள்ளின் தண்டைப் பிடித்து அது போன வழியிலேயே ஒரு திருப்பு. வந்துவிடும். முள் நுனிக்குப் பக்கத்தில் பின்னால் சாய்ந்தபடி ஒரு சின்னக் கூர் இருக்கும் இல்லையா, சதையைக் கிழிப்பது அதுதான். வாங்கி வருகிற முள்ளையெல்லாம் வீட்டில் வைஸ் இடுக்கியில் கடிக்கக் கொடுத்து அந்தக் கூரை மடக்கி அமுக்கிவிட்டுத்தான் கொண்டுவருவார். ஷாஃப்ட் கடைந்த கைக்கு அதெல்லாம் விளையாட்டு. முள் எடுத்த இடத்தில் ரத்தம் தெரியாது. மீன் அவர் உள்ளங்கையில் ஒரு மூச்சு நின்றுவிட்டுப் போகும். ஒரு குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதமாக இருக்கும் அதைப் பார்க்க.

எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ரொம்பப் பிடித்துப்போயின. கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்ததே இல்லை. விடியும் முன்னால் நான் அடுப்படிக்கு, அவர் பட்டறைக்கு. ராத்திரி அவர் வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். குளத்தில்தான் முதல்தடவையாக வேறு வேலை இல்லாமல் அவரோடு இருந்தேன். அவர் முன்னால், நான் பின்னால். அவர் முதுகைப் பார்த்து நான் பாட்டுக்குப் பேசுவேன். மாவுக்காரன் ஏமாற்றியது, மூன்றாம் ரூம் பையன் சாப்பிடாமல் போனது, எல்லாவற்றுக்கும் அந்த முதுகு "ம்" கொட்டும். முதுகுக்குக்கூட மனுசன் மேல் ஆசை வரவைக்கத் தெரியும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

இந்த வருஷம் மழை நின்ற பிறகு குத்தகைக்காரர் எனக்குப் போன் செய்தார். குரலில் தயக்கம்.

"ஏனுங்க அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஞாயித்துக்கெழமை நீங்க வந்துட்டுப் போனா மக்யா நாளு கரையில பொடி ரோகு ஒதுங்குதுங்க. வாயெல்லாம் கிழிஞ்சு கெடக்குது. அண்ணங்கிட்டச் சித்த சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. வேறு யார் கையாவது மீன் வாயைக் கிழித்தது என்றால் நம்புவேன், அவர் கையா? கேட்டதற்கு, "தண்ணி சூடாயிருக்கும், அதான்" என்றார். அடுத்த ஞாயிறு கூர்ந்து பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. ஆனால் அந்த முதுகு முன்போல இல்லை. மீன் மாட்டியதும் குனிந்து, தோளைக் குறுக்கி, என் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் என்னமோ செய்தார். விட்டபின் அந்த மீன் சாய்ந்தபடி கொஞ்ச தூரம் போய் வெள்ளை வயிற்றைக் காட்டியது. "என்னுங்க பண்றீங்க அங்க?" என்று கேட்டேன். "நீ துடுப்பப் போடு" என்று எரிந்து விழுந்தார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை.

அந்த வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. மெஸ்ஸுக்குப் பின்னால் தாழ்வாரத்தில் பட்டறையின் மிச்சமாக ஒரு மேஜையும் வைஸும் இருக்கின்றன. மத்தியானம் காய்க்கூடையை எடுக்கப் போனபோது அவர் அங்கே நின்று முள்ளை வைஸில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். நிற்கவில்லை. முள் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அதற்கப்புறம் எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையைத் தொடைமேல் போட்டு, அது யாரோ விட்டுப்போன சாமான் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன். பட்டறையை விற்றது ஆர்டர் குறைந்ததால் இல்லை என்று அந்த நிமிஷம் புரிந்தது. மயிரிழை வேலைக்கு ஒத்துவராத அளவுக்கு அப்போதே கை லேசாக ஆட ஆரம்பித்திருக்கும். பேர் வாங்கின கை ஆடுவதை ஒருத்தரும் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான். கொஞ்ச நாளாக டீயை ஆறவைத்து இடது கையால் குடிப்பதும், கல்யாண வீடுகளில் பந்திக்கு உட்காராமல் வயிறு சரியில்லை என்று வந்துவிடுவதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களையெல்லாம் போட்டு உருட்டினேன். வேலைக்காரப் பெண்கள் அக்காவுக்கு யார் மேல் கோபம் என்று முழித்தார்கள்.

வாயில் வந்ததைப் பேசுகிற எனக்கு இதை மட்டும் பேச வரவில்லை. தெரிந்துவிட்டது என்று சொன்னால் உடைந்துபோய்விடுவாரோ என்று பயம். தந்திரமாக ஒன்று செய்து பார்த்தேன். "எனக்குக் கால் மரத்துப் போவுதுங்க. நரம்பு டாக்டரை ஒருக்காப் பாக்கலாமுங்களா, நீங்களும் வாங்க" என்றேன். "ஆட்டோவுல போய்ட்டு வா அம்மணி" என்று சொல்லிவிட்டார். அந்தத் தந்திரம் அதோடு சரி.

சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கயாக்கைக் குடுத்துப்போடலாம்னு இருக்கறேன். ஒருத்தரு வந்து பாக்கறேன்னிருக்காரு. நாளைக்குப் போறதுதான் கடைசி."

எனக்குத் தூக்கம் போயிற்று. பட்டறை போனது. இப்போது இது. கை ஆடுவதை மறைக்க ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் வீட்டுக்குள் ஒரு நாற்காலிதான் மிஞ்சும், அதில் அவர் உட்கார்ந்திருப்பார். எனக்குக் கயாக் பெரிசில்லை. அந்த மனுசன் எனக்கு வேண்டும்.

விடிந்ததும் போனோம். குளத்தின் மேல் லேசான காற்று, தூரத்தில் தறிச்சத்தம். அவர் தூண்டிலுக்கு வழக்கமாகப் பிசைகிற மாவு உருண்டை இல்லாமல் மண்புழு கொண்டுவந்திருந்தார். மாவு உருட்டக்கூட விரல் ஒத்துழைக்கவில்லை போலிருக்கிறது. புழு என்றால் பொடி மீன் அவக்கென்று முழுங்கிவிடும். அப்படித்தான் ஆயிற்று. சாண் நீளத்தில் ஒரு ரோகு, முள்ளை உதட்டில் வாங்காமல் தொண்டைக்குள் இழுத்துக்கொண்டு வந்தது.

அவர் குனிந்தார். தோள் குறுகியது. தண்ணீர் சளக் சளக் என்றது. நோஸ் பிளேயர் கயாக்கில் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டது. தண்ணீரில் ஒரு சிவப்புக் கோடு என் பக்கமாக மிதந்து வந்தது.

"இக்கட்டால குடுங்க."

"நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்கறீங்க? ரத்தம் வருதுங்க. திரும்பி உக்காருங்க."

"திரும்புனா கவுந்துபோகும்."

"கவுந்தாக் கவுருட்டும். ஜாக்கெட் போட்டுத்தான இருக்கறோம்."

அவர் திரும்பவில்லை. அந்த மீன் வாலை அடிக்கிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க கை ஆடறது எனக்குத் தெரியுமுங்க. அன்னிக்கு வைஸ்கிட்டப் பாத்துப்போட்டேன்."

அந்த முதுகு அப்படியே நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் நான் பேசிய எந்தப் பேச்சுக்கும் அப்படிப் பயந்ததில்லை. பிறகு துடுப்பைக் குறுக்கே வைத்தார். ஒரு காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டார், அடுத்த காலையும் போட்டார். கயாக் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. நான் கண்ணை மூடி மறுபக்கம் சாய்ந்துகொண்டேன். கண்ணைத் திறந்தபோது அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஆடுகிற கையில் தூண்டில் நூல், நூலின் முனையில் தண்ணீருக்குள் மீன்.

நான் கையை நனைத்துக்கொண்டு அடியில் கொடுத்து வாங்கினேன். பிளேயருக்குக் கை நீட்டியபோதுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல் பக்கத்தில் இருக்கிற எதுவும் எனக்குத் தெரியாது. போன மாசம்தான் ஒரு கண்ணாடியைக் குளத்துக்குத் தானம் கொடுத்திருந்தேன், அதிலிருந்து வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவேன். அவருக்குக் கண் ஊசி மாதிரி தெரியும், கை நிற்காது. எனக்குக் கை நிற்கும், கண் தெரியாது.

"எங்கீங்க இருக்குது முள்ளு? சொல்லுங்க, எடுத்துப்போடறேன்."

அவர் குனிந்து மீனின் வாய்க்குள் பார்த்தார். அவர் தலை என் தலையில் முட்டியது.

"வேண்டாம் அம்மணி. ரொம்ப உள்ள போயிருச்சு. இழுத்தா கொடலோட வந்துரும். நூலை வெட்டியுட்டுரு."

"முள்ளோடயா?"

"முள்ளோடதான். பிளேயர அக்கட்டால வெச்சுட்டுக் கத்திரிய எடு."

எனக்கு மனசு வரவில்லை. என் கைக்கு ஒரு மீனின் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துத்தான் பழக்கம், உள்ளே விட்டுப் பழக்கமில்லை. ஆனாலும் கத்திரியை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல நகர்த்தினேன். "இன்னும் கீழ. உதட்டுல படாம. சித்த எடது பக்கம். ம், அங்கதான். வெட்டு." நூல் பட்டென்று விட்டது.

மீன் என் உள்ளங்கையில் மல்லாக்கச் சாய்ந்தது. நான் அதை நிமிர்த்திப் பிடித்தேன். தலையைக் காற்று வருகிற பக்கம் திருப்பச் சொன்னார். அங்கிருந்துதான் தண்ணீர் நகர்ந்து வந்துகொண்டிருந்தது, வாய்க்குள் அது போகட்டும் என்று. திருப்பினேன். செவுள் திறக்கவில்லை. "போ கண்ணு" என்றேன். "போ சாமி, உங்கம்மா தேடுவா." எதற்கு அப்படிச் சொன்னேனோ தெரியாது, சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைக்கக்கூடக் கை இல்லை. எதிரே இருந்த மனுசன் தன் சட்டை நுனியை இழுத்து என் மூக்கைத் துடைத்துவிட்டார். ஆடுகிற கையால்தான் துடைத்தார்.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தோம். பிறகு செவுள் லேசாகத் திறந்து மூடியது. மறுபடி திறந்தது. விரலுக்கு நடுவில் அதன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதை என்னால் உணர முடிந்தது. வாலை ஒரு தடவை மெல்ல அசைத்தது. அடுத்த தடவை என் கட்டைவிரலில் அடித்துத் தள்ளிவிட்டு நேராகக் கீழே போய்விட்டது. அது மேலே வருகிறதா என்று ரெண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

"பொழைச்சுக்குமுங்களா?"

"முள்ளு உள்ள கெடக்கும். அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு நீந்திக்கிட்டு இருக்கும். நெறைய மீனு அப்படிப் பொழைக்குது."

அவர் முன்பக்கம் திரும்பி உட்காரவில்லை. வலது கை மடிமேல் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது, இடது கையால் அதைப் பொத்தவில்லை. நான் துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்துத் தள்ள ஆரம்பித்தேன். ஒரே ஆள் போடுவதால் கயாக் கோணல்மாணலாகப் போனது. பாதி தூரத்தில் அவர் பேசினார்.

"அந்த நரம்பு டாக்டரு எங்க இருக்கறாரு?"

"காந்திபுரத்துல."

"நாளைக்குப் போலாம். ஆனா நீயும் உள்ள வரோணும் அம்மணி. நான் தனியாப் போனா ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லிப்போட்டு வந்துருவேன்."

"வாரேனுங்க" என்றேன்.